பொட்டு வைத்த கேசட்

என் ஐயாவுக்கு,

சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காய்ச்சல் இல்லை, பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறேன். அதனால் நீ ஜொகூரிலிருந்து லீவு போட்டுக்கொண்டு பதறி ஓடி வர வேண்டாம். போனில் சொல்லிவிடலாம் என்று எடுத்தேன், வைத்தேன், மறுபடியும் எடுத்தேன். சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய், நான் அழுதுவிடுவேன், பிறகு இரண்டு பேரும் கல்யாணப் பத்திரிகையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவோம். நாம் முப்பது வருஷமாக அப்படித்தானே பேசுகிறோம். எழுதினால் நடுவில் புகுந்து நீ சரிம்மா போட முடியாது. படித்து முடித்ததும் இதை வரப்போகும் மருமகளிடமும் கொடு. இந்த வீட்டுக்கு வருகிறவள் இங்கே என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டே வரட்டும். வேறு யார் படித்தாலும் எனக்குக் கவலையில்லை. என் வயதையே என்னால் மறைக்க முடியவில்லை. மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த வருஷம் பிறந்தவள் என்பதால், ஒவ்வொரு ஆகஸ்டிலும் கொடி கட்டி ஊருக்கே சொல்லிவிடுகிறார்கள்.

பின்னறையைக் காலி பண்ணு என்று சொன்னது நான்தான். பெண் வீட்டார் சிரம்பானிலிருந்து வீடு பார்க்க வரும் நேரத்தில், நாற்பதை நெருங்கும் மாப்பிள்ளை, படித்த எஞ்சினியர், ஒரு அறை முழுக்கப் பழைய டிவி கேம் பெட்டிகளும் கேசட்டுகளும் அடுக்கி வைத்திருக்கிறான் என்று தெரிந்தால் என்ன நினைப்பார்கள்? அந்தப் பழைய டப்பா டிவியையும் கொடுக்காமல் அதற்கென்று ஒரு மேஜை வேறு. குப்பை என்று சொன்னேன். நீ சண்டைக்கு வருவாய் என்று பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். நீ சரிம்மா என்றாய். மறு வாரமே, இங்கே மலாக்கா டவுனில் துக்காங் எமாஸ் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருக்கும் நசீர் என்பவர் வந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வார், அவருக்கும் இதே பைத்தியம் என்று சொன்னாய். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த அறைக்கு என்ன நிறத்தில் திரைச்சீலை போடலாம் என்று கூட யோசித்து வைத்துவிட்டேன். உன் குரலில் ஏதாவது வித்தியாசம் இருந்ததா என்று அப்போது நான் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை அந்தத் தம்பி வந்தார். உன் வயதுதான் இருக்கும். ஜும்மாவுக்குப் போகிறவர் போலச் சுத்தமாகச் சட்டை போட்டுக்கொண்டு, வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, அம்மா என்று கூப்பிட்டார். தண்ணீர் கொடுத்தேன். பின்னறையில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு கேசட்டையும் கைக்குழந்தையை வாங்குவது போல இரண்டு கையாலும் எடுத்துப் பார்த்தார். நீ சின்னப் பையனாக இருந்தபோது விளையாடிய சில ஆட்டங்களை எனக்கே அடையாளம் தெரிந்தது. மேல் அடுக்கெல்லாம் பெட்டியில் போனது. பிறகு அடியில் இருந்த பெரிய இழுப்பறையைத் திறந்தார். உள்ளே பார்த்து நான் அசந்துபோனேன். முழுக்க ஒரே ஆட்டம். இரண்டு டாங்கிகள் சேர்ந்து ஒரு கோட்டையைக் காக்கும் அந்தப் படம். மஞ்சள் கேசட்டிலும் அதுதான், கறுப்பிலும் அதுதான், சாம்பல் நிறத்திலும் அதுதான். எண்ணவே எனக்குப் பயமாக இருந்தது. பையனுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா, இதை அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டுமா, மறைக்க வேண்டுமா என்றெல்லாம் என் மனம் ஓடியது. ஒரே சேலையை யாராவது இத்தனை எடுப்பார்களா தம்பி என்று ஜவுளிக்கடைக்காரரிடமே கேட்டேன். அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்.

"அந்தப் பொட்டு வச்ச கேசட் கடைசி வரைக்கும் கெடைக்கவே இல்லியாம்மா?"

எனக்கு ஒரு நிமிஷம் எதுவும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. உனக்கு நினைவிருக்கும், எனக்கும் மறக்கவில்லை, மருமகளுக்காகச் சொல்கிறேன். ஒரு சரஸ்வதி பூசைக்கு நான் வீட்டிலிருந்த எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். அப்பாவின் ஸ்பேனர்கள், மோட்டார் சைக்கிள், என் தையல் மிஷின், உன் பள்ளிப் புத்தகங்கள், கடைசியில் டிவி கேம் பெட்டி, கேசட் எல்லாம். பிள்ளை எந்நேரமும் அதையே கும்பிடுகிறான், சாமியும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளட்டும் என்று எனக்கு ஒரு குறும்பு. சந்தனத்தைக் கொஞ்சம் தண்ணியாகக் கரைத்துவிட்டேன் போலிருக்கிறது. மறுநாள் பூசையிலிருந்து எடுத்துப் போட்டால் டிவியில் வெறும் கோடு கோடாக ஓடியது. சந்தனம் வழிந்து கேசட்டின் உள்ளே, அந்தப் பித்தளைப் பல் வரிசைக்குள் போய்விட்டது. நீ தரையில் புரண்டாய். அப்பா வேலை முடிந்து வந்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் பொறுமையாகத் தேய்த்துத் தேய்த்து அதை ஓட வைத்தார். ஓடியது, ஆனால் படத்தின் மேல் குங்குமம் ஊறிச் சிவப்பாக நின்றுவிட்டது. பள்ளியில் சிரிப்பார்கள் என்று அதற்கு வேறு ஒரு அழுகை. அப்பாதான், ஊரிலேயே பொட்டு வைத்த கேசட் நம்மிடம் மட்டும்தான் இருக்கிறது என்று உன்னைச் சமாதானம் பண்ணினார்.

அதைத்தான் நீ தேடிக்கொண்டிருந்திருக்கிறாய். மலாக்கா, மூவார், கோலாலம்பூர் என்று பழைய கேம் சேர்க்கிற ஆட்களிடமெல்லாம், டாங்கி கேசட், மேலே சிவப்புக் கறை, எங்கே கண்டாலும் எனக்குச் சொல்லுங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறாயாம். அந்த ஆட்களுக்கு உன் பெயர்கூடத் தெரியாதாம், பொட்டு கேசட்காரர் என்றால் தெரியுமாம். விற்கிறவன் கேசட் மேல் விலைச் சீட்டு ஒட்டியிருந்தால், அதற்கு அடியில் பொட்டு இருக்குமோ என்று வாங்கிவிடுவாயாம். வீட்டுக்குக் கொண்டு வந்து சீட்டை உரித்துப் பார்த்துவிட்டு, இல்லையென்றால் இழுப்பறையில் போடுவாயாம். இதையெல்லாம் நசீர் தம்பி வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டே போனார். அந்த ஒரு கேசட் மேல் அவனுக்கு அப்படி என்ன தம்பி என்று கேட்டேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது. எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துத்தான் பேசியிருக்கிறார். தெரியாது என்று புரிந்ததும், சொல்லலாமா கூடாதா என்று தலையைக் குனிந்துகொண்டார். நான் விடவில்லை.

அவர் சொன்னதை எழுதும் முன், எனக்கு அதுவரை தெரிந்திருந்ததை எழுதிவிடுகிறேன். அப்பா போன அன்று சாயங்காலம் நீங்கள் இரண்டு பேரும் அந்த டாங்கி ஆட்டம்தான் ஆடிக்கொண்டிருந்தீர்கள். நான் சமையல் கட்டில் இருந்தேன். அப்பாவுக்கு அது வரவே வராது, எதிரியைச் சுடுவதை விட்டுவிட்டு நம் கோட்டைச் சுவரையே சுட்டு உடைப்பார், நீ கத்துவாய், அவர் சிரிப்பார். பிறகு மோட்டார் சைக்கிள் கிளம்பும் சத்தம் கேட்டது. இருட்டுவதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் போலீஸ்காரரோடு வந்து நின்றார். தெங்கேரா ரோட்டில் லாரி. அதற்குப் பிறகு வீடு நிறைய ஆட்கள். துக்க வீட்டில் டிவி ஓடக்கூடாது என்று யாரோ அதை அடைத்துவிட்டு, மேலே ஒரு போர்வையைப் போட்டு மூடினார்கள். கருமாதி முடியும் வரை நீ அந்த மூடிய டிவிக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தாய். சாப்பாட்டை அங்கேயே கொண்டு வரச் சொன்னாய், பாயையும் அங்கேயே போட்டுக்கொண்டாய். சுடுகாட்டில் கொள்ளி வைத்தபோதும் உன் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. பயந்துபோயிருக்கிறான், சின்னப் பிள்ளை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை, அந்தப் பக்கம் ஏதோ பிளாஸ்டிக் காய்கிற வாடை வந்தது. போர்வையை நீக்கினேன். டிவிக்கு அடியில் உன் கேம் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அடாப்டரைத் தொட்டால் கை சுட்டது. இத்தனை நாளாக எரிந்திருக்கிறதே, வீடு பற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பதறிப்போய்ப் பிடுங்கினேன். அப்போதுதான் நீ அழுதாய். அப்படி ஒரு அழுகையை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. உன் அத்தை முற்றத்திலிருந்து ஓடி வந்து பார்த்துவிட்டு, "அப்பன் செத்ததுக்கு அழுவாத புள்ள, டிவி கேமுக்கு அழுவுது பாரு" என்றாள். எல்லாரும் கேட்டார்கள். நானும் அதை நம்பினேன், ஐயா. அந்த வாரமே அப்பாவின் சட்டைகளோடு சேர்த்து, டிவி கேமையும் கேசட்டையும் செட்டி கம்பத்தில் எனக்குத் தெரிந்த ஒரு அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். வீட்டில் கண்ணுக்கு முன்னால் அது இருக்கவே கூடாது என்று எனக்கு அவ்வளவு கோபம். நீ எங்கே என்று கேட்கவில்லை. கேட்காததால் மறந்துவிட்டாய் என்று நினைத்தேன். உள்ளுக்குள் மட்டும், அப்பா மேல் பாசமில்லாத பிள்ளை என்று ஒரு முள் எனக்கு இருந்துகொண்டே இருந்தது. திவசத்துக்கு நீ ஒரு வருஷம்கூடத் தவறாமல் வந்து நிற்கிறாய், அப்போதும் அந்த முள் போகவில்லை.

இப்போது நசீர் தம்பி செய்ததைக் கேள். வாயால் சொல்லத் தயங்கி, உன் டப்பா டிவியைப் போட்டு, இழுப்பறையிலிருந்து ஒரு டாங்கி கேசட்டை எடுத்துப் பெட்டியில் செருகினார். அதே இசை வந்தது. கொஞ்சம் ஆடிவிட்டு, கையிலிருந்த அந்தப் பலகையில் நடுவில் ஒரு பித்தானை அழுத்தினார். எல்லாம் அப்படியே நின்றது. நடுவில் ஒரு எழுத்து மட்டும் விட்டு விட்டு மின்னியது. பிறகு டிவியை அடைத்தார். என்னோடு தறியைப் பற்றியும் தீபாவளி வியாபாரத்தைப் பற்றியும் கொஞ்ச நேரம் பேசினார். மறுபடி டிவியைப் போட்டார். டாங்கிகள் விட்ட இடத்திலேயே நின்றன, அந்த எழுத்து மின்னிக்கொண்டிருந்தது.

"டிவிய அடைச்சாலும் உள்ள ஆட்டம் அப்படியே நிக்கும்மா. சுவிட்ச புடுங்குனாதான் போவும்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அப்பா நிறுத்தி வைக்கச் சொன்னாராம். வந்து ஆடுறேன்னு சொல்லிட்டுப் போனாராம். அதான் உங்க மவன் பதினாறு நாளும் அத யாரும் தொடாம காவ காத்திருக்காரு."

போர்வைக்குப் பின்னால் உன் அப்பாவின் டாங்கி பதினாறு நாளும் நின்றுகொண்டிருந்திருக்கிறது. அந்தப் பதினாறு நாளில் ஒரு தடவைகூட கரண்ட் போகவில்லை. நான் போய்ப் பிடுங்கினேன். ஒன்பது வயதுப் பிள்ளை எதற்கு அழுதது என்று, அத்தனை பெரியவர்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அதிர்ச்சி என்று எழுதினால் போதவில்லை, என் தலையில் யாரோ ஓங்கி அடித்தது போலத்தான் இருந்தது. இன்னும் வலிக்கிறது.

அதோடு முடிந்திருந்தால் நான் உன்னைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன், அவ்வளவுதான். இன்னொன்றும் சொன்னார். எப்போதோ ஒரு நாள் பண்டார் ஹிலிரில் கேசட் மாற்றிக்கொண்டு, இரண்டு பேரும் தே தாரே குடித்துக்கொண்டிருந்தபோது நீ அவரிடம் சொன்னாயாம். இரவுச் சந்தைக் கடையில் புதுக் கேசட் வந்திருக்கிறதா, பழையதைக் கொடுத்து மாற்றித் தருவானா என்று கேட்டுவிட்டு வரும்படி அன்றைக்கு நீதான் அப்பாவை நச்சரித்தாயாம். அதற்காகத்தான் அவர் எழுந்து போனாராம். "என்னாலதான் பாய் எங்கப்பா வெளிய போனாரு" என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே நீ எடுக்கவில்லையாம்.

முப்பது வருஷம், ஐயா. ஒரு ஜவுளிக்கடைக்காரருக்குத் தெரிந்தது, பெற்றவளுக்குத் தெரியவில்லை. அவர் மேல் எனக்குப் பொறாமையாக இருக்கிறது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். நல்ல மனுஷன். நான் எதுவும் விற்பதாக இல்லை தம்பி என்றதும் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல், கட்டிய பெட்டிகளை அவரே பிரித்து, எல்லாவற்றையும் திரும்ப அடுக்கி வைத்துவிட்டுப் போனார். வரிசை மாறியிருக்கும், நீ முகத்தைச் சுளிப்பாய். திரைச்சீலைத் துணி வாங்க அவர் கடைக்கே போகலாம் என்றிருக்கிறேன். அறை உன் அறைதான். பெண் வீட்டார் வந்தால் நானே கதவைத் திறந்து காட்டுவேன்.

மறுநாள் செட்டி கம்பத்துக்கு நடந்து போனேன். அந்த அம்மா காலமாகிப் பல வருஷம் ஆகிறது. மகள் இருக்கிறாள். பேர்தான் செட்டி, பரம்பரையாக மலாய் பேசுகிறவர்கள், அவர்களுக்குத் தமிழ் வராது, என் சந்தை மலாயை வைத்துக்கொண்டு ஒரு வழியாகக் கேட்டேன். அவளுக்கு அந்தச் சிவப்புக் கறை நன்றாக நினைவிருக்கிறது. அவளும் அவள் அண்ணனும் நிறைய ஆடினார்களாம், பிறகு யார் கைக்குப் போனது என்று தெரியவில்லை என்றாள். அதனால் அந்தக் கேசட்டை என்னால் கொண்டுவர முடியவில்லை. தேடுவதா விடுவதா என்று நீயே முடிவு பண்ணு.

கல்யாணம் ஆகப் போகிற பிள்ளைக்கு அம்மா புத்தி சொல்ல வேண்டுமாம், ஊர் வழக்கம். எனக்கு ஒன்றே ஒன்றுதான் சொல்ல இருக்கிறது. அவளிடம் சரிம்மா போடாதே. உனக்குப் பிரியமானதை அவள் குப்பை என்றால் சண்டை போடு, கத்து, அது ஏன் குப்பை இல்லை என்று சொல். அவளுக்குக் கோபம் வரட்டும், இரண்டு நாள் பேசாமல் இருக்கட்டும், பரவாயில்லை. நீ வாயை மூடிக்கொண்டு விட்டுக்கொடுத்தால் அவளுக்கு எப்படித் தெரியும்? எல்லாருக்கும் சரி சொல்லுகிற இந்தக் குணம் உனக்கு அப்பாவிடமிருந்து வந்தது. அவரும் யார் எதைக் கேட்டாலும் சரி என்பார். அன்றைக்கு உன்னிடமும், சரி, கேட்டுவிட்டு வருகிறேன் என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் அன்று செவ்வாய்க்கிழமை, ஐயா. நம் பக்கத்து இரவுச் சந்தை வெள்ளிக்கிழமைதான் போடுவார்கள். ஒன்பது வயதில் உனக்கு அது தோன்றியிருக்காது. உன் மனம் நோகக்கூடாது என்று சொல்லிவிட்டு, அவர் வேறு வேலையாகப் போனார்.

அந்த வேலையைக் கொடுத்தது நான். மறுநாள் காலையில் எனக்கு நாசி லெமாக் தின்ன வேண்டும் போலிருந்தது. நீ கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை, என் நாக்குத்தான் கேட்டது. ஆட்டத்தின் நடுவில் சமையல் கட்டிலிருந்து குரல் கொடுத்து, அந்தச் சோற்றுக்குத் தேங்காய்ப் பால் வாங்கி வரச் சொன்னேன். இதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. இந்த வீட்டில் ஏன் தேங்காய்ப் பால் ஊற்றிச் சமைப்பதில்லை என்று நீ கேட்டபோதெல்லாம் கொலஸ்ட்ரால் என்று சொல்லி வைத்தேன். நீயும் நானும் ஒரே பாரத்தை ஆளுக்கொரு மூலையில் தூக்கிக்கொண்டு இருந்திருக்கிறோம். என்னுடையதை நானே வைத்துக்கொள்கிறேன், எனக்கு அது பழகிவிட்டது. உன்னுடையதை நீ இன்றைக்கே இறக்கி வை. இறக்கி வைக்கச் சொல்ல என்னிடம் சாட்சி இருக்கிறது. அன்று போலீஸ்காரர் அப்பாவின் சாமான்களோடு, வண்டிக் கூடையில் இருந்த ஒரு பிளாஸ்டிக் பையையும் என் கையில் கொடுத்தார். உள்ளே தேங்காய்ப் பால். அத்தனை அடியிலும் முடிச்சு அவிழவில்லை, ஒரு சொட்டு சிந்தவில்லை. வண்டி எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது என்றும் அவரைக் கேட்டேன், ஏன் கேட்டேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. காஜா பெராங் பக்கம் என்றார், நம் வீட்டுப் பக்கம். கடைக்குப் போய், வாங்கிவிட்டு, உன்னோடு ஆடுவதற்கு அப்பா வந்துகொண்டிருந்தார், ஐயா.

அம்மா